பொறு என்கிற குறி

பத்மநாபசுவாமி கோவில் கோட்டைக்குள்ளே அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். உலையில் விழுந்ததோ நாலு பேருக்கான அரிசி. ஏழு வருஷமாக அப்படித்தான்.

நாலாவது பங்கு ஸ்ரீகண்டனுக்கு. பிச்சம்மாளின் மூத்த பிள்ளை, நாகலக்ஷ்மியின் அகமுடையான். ரங்கூனில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது என்று 1932-ஆம் வருஷம் கிளம்பியவன், வாசற்படியில் நின்று "போயிட்டு வரேன்" என்று அம்மாவிடம் ஒரு தரமும் பெண்டாட்டியிடம் ஒரு தரமும் சொன்னான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்தப் பெயருள்ளவர் வேலையை விட்டுவிட்டார், எங்கே போனார் என்று தெரியாது என்று இரண்டு வரி வந்தது. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

அப்படிப்பட்டவனுடைய பெண்டாட்டியின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஆனால் தெருவில் ஒரு சீமந்தம், கல்யாணம் என்று அழைக்க வருகிறவர்கள் அவளுக்கு முன்னால் வந்ததும் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்குவார்கள். அந்த ஒரு நொடிக்குப் பயந்தே அவள் எங்கேயும் போவதில்லை. திருநெல்வேலியில் பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றால், "நீ அங்கே போயிருக்கச்சே அவன் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்வேன்?" என்பாள் பிச்சம்மாள்.

பிச்சம்மாள் கொடுமைக்காரி இல்லை. மாட்டுப்பெண்ணுக்குத் தலைவலி என்றால் தானே சுக்கு உரசிப் பற்றுப் போடுகிறவள். நல்லவர்கள் போடுகிற பூட்டுக்குத்தான் சாவி கிடைப்பது கஷ்டம்.

வீட்டில் மூன்றாவது ஆள் பட்டாபி. ஸ்ரீகண்டனுக்குத் தம்பி. இருபத்துநாலு வயது, காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். மாடி அறையில் அவன் ஒரு வயர்லெஸ் நிலையம் கட்டிக்கொண்டிருந்தான். சர்க்காருக்கும் இல்லை, வியாபாரத்துக்கும் இல்லை. உலகத்தில் அங்கங்கே இந்தப் பைத்தியம் பிடித்த மனிதர்கள் உண்டு. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்தக் கையால் பெட்டி செய்து, கடல்தாண்டி ஒருவரோடொருவர் தந்திக் குறியில் பேசிக்கொள்வார்கள். பட்டாபியின் பெட்டியிலிருந்து ஒரு செப்புக் கம்பி ஓட்டுக்கூரையைத் தாண்டிக் கொல்லைத் தென்னைமரம் வரை போயிற்று.

"மடிப்புடவை உலத்த நல்ல கொடிடா," என்றாள் பிச்சம்மாள்.

"அதுல கை வெச்சா உன்னையே உலத்திடும்மா!"

பெட்டி செய்யத் தெரிந்த பட்டாபிக்குத் தந்திக் குறி படியவில்லை. லைசென்ஸுக்கு அதில் ஒரு பரீட்சை உண்டு. இரண்டு தரம் போனான், இரண்டு தரமும் தோற்றான். மூன்றாவது தரத்துக்காகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கரண்டியால் தரையைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது, அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த நாகலக்ஷ்மி தலை நிமிராமலே சொன்னாள்:

"அது எல் எழுத்து இல்லை பட்டாபி. ஒரு குறில் கூடிப் போச்சு."

அவளுடைய அப்பா திருநெல்வேலியில் தந்தி ஆபீஸ் சிக்னலர். அரிச்சுவடிக்கு முன்னாலேயே அவளுக்குக் குறிலும் நெடிலும் காதில் ஏறியிருந்தன. தந்தி அடிக்கிற கட்டையின் நுனியில் ஒரு தட்டு தட்டினால் குறில், அழுத்திப் பிடித்தால் நெடில். எல்லா எழுத்தும் இந்த இரண்டிலேயே அடக்கம்.

பட்டாபி கரண்டியைக் கீழே போட்டான். "மன்னி! இத்தனை நாளா இதை எங்கே வெச்சிருந்தேள்?"

"கேக்கறவா இல்லாத இடத்துல எங்கேன்னு வெச்சுக்கறது?"

அவளையும் பரீட்சைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பட்டாபி பிடிவாதம் பிடித்தான். பிச்சம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் பொட்டி ரங்கூன் வரைக்கும் கேக்குமாடா?"

பட்டாபி ஒரு கணம் மன்னியைப் பார்த்தான். "கேக்கும்மா."

"அப்போ அழைச்சுண்டு போ."

நாகலக்ஷ்மி முதல் தரத்திலேயே தேறினாள். அவள் கை ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பட்டாபியும் தேறினான். 1939 பிப்ரவரியில் நிலையத்துக்கு ஒரு அழைப்புப் பெயர் வந்தது. நாலெழுத்தும் நடுவில் ஒரு எண்ணும். "பஞ்சாக்ஷரம் மாதிரி அஞ்சு," என்றாள் பிச்சம்மாள், கொஞ்சம் சமாதானமாகி.

பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. வானத்தில் நடந்துகொள்ளவும் தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு மரியாதை முறை உண்டு. பட்டாபி அதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் படித்தான்.

"முதல்ல காது குடுத்துக் கேக்கணும். யாராவது பேசிண்டிருந்தா குறுக்கே விழப்படாது. மனசிலாச்சோ?"

"ம்."

"நம்ம முறை வரவரைக்கும் சும்மா இருக்கணும். தேவைக்கு மேல சத்தமாப் போடப்படாது. எதிராளி மெதுவா அடிச்சா நாமும் மெதுவா அடிக்கணும். மதம், அரசியல், வியாபாரம், அடுத்தாத்து சமாசாரம், ஒண்ணும் கூடாது. பெட்டி எப்படி, வால்வு எப்படி, அங்கே மழையா வெயிலா, அத்தோட சரி."

நாகலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "இதுக்கெல்லாம் நோட்டு எதுக்குடா? பத்து வருஷமா மாட்டுப்பொண்ணா இருக்கேன். கேட்டுண்டு சும்மா இருக்கறதுல எனக்கு மெடலே குடுக்கலாம்."

"அப்பறம் இன்னொண்ணு. எதிராளி யாரானாலும் 'கிழவா'ன்னுதான் கூப்பிடுவா. அது மரியாதை."

"எனக்கு இருபத்தேழுதானேடா ஆறது!"

"ஆகாசத்துல எல்லாரும் கிழவாதான் மன்னி."

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவள் ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டாள். பேச்சை முடிக்கும்போது ஒரு குறி போட வேண்டும்: மூன்று குறில், ஒரு நெடில், ஒரு குறில், ஒரு நெடில். 'முடிந்தது, இனி நான் இல்லை' என்று அர்த்தம். அதைப் போட்டால்தான் எதிராளி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்திருக்கலாம், அந்த இடத்தில் மற்றவர்கள் பேசலாம்.

"முடிஞ்சுதுன்னா சொல்றது?" என்றாள் நாகலக்ஷ்மி.

"ஆமாம்."

"அப்படி எப்படிடா சொல்றது?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த வீட்டில் அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். விளக்கு அணைந்தால் 'மலையேறித்து' என்பார்கள். அடுத்த தெருவுக்குப் போகிறவனும் 'போறேன்' என்று வாய் தவறிச் சொல்லமாட்டான். அப்படி வளர்ந்த கை, முகம் தெரியாத ஒரு மனிதருக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில், 'முடிந்தது, இனி நான் இல்லை' என்று எப்படி அடிக்கும்?

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். 'பொறு' என்பதற்கு வேறு ஒரு குறி உண்டு. ஒரு குறில், ஒரு நெடில், மூன்று குறில். பேசிக்கொண்டிருக்கும்போது வால்வு சூடாகிவிட்டாலோ, யாராவது கதவைத் தட்டினாலோ போடுவது. 'பொறு, இதோ வந்துவிடுகிறேன்' என்று அர்த்தம். பட்டாபி பக்கத்தில் இல்லாத வேளைகளில், பேச்சு முடிந்ததும் அவள் அதைத்தான் அடித்தாள். போயிட்டு வரேன் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான குறி இல்லை என்று அவளுக்குத் தோன்றிற்று. அடித்துவிட்டு நிம்மதியாக ஸ்விட்சை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புது ஆள், பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள் போலும். ஒருவரும் குறை சொல்லவில்லை.

பட்டாபிக்குச் சாயங்காலம் டியூஷன். பாதி நாள் நிலையம் அவள் கையில்தான். ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த மாடி அறையில் அவளுக்கு ஒரு உலகம் திறந்தது. திறந்தது என்று சொல்கிறேனே, அதற்கும் அளவு உண்டு.

ஜூன் மாசம் ஒரு நாள் ரங்கூன் கிடைத்தது.

எழுத்து எழுத்தாக அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தபோது அவள் கை நின்றுவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர். சாது. மெதுவாக அடித்தார். உங்கள் ஓசை நன்றாகக் கேட்கிறது, இங்கே இரண்டு நாளாக விடாத மழை என்றார். ஒரு பெயரைச் சொல்லி, இப்படி ஒருவர் அங்கே உண்டா என்று கேட்க இருபது எழுத்துகூட வேண்டாம். ஆனால் முதல் நாளே பட்டாபி சொல்லியிருந்தான்: "மன்னி, ரங்கூன் ஆள் கிடைச்சாலும் அண்ணாவைப் பத்தி கேக்கப்படாது. மூணாம் மனுஷா சமாசாரம் லைசென்ஸ்ல கூடவே கூடாது. யாராவது கேட்டுண்டிருந்தா பெட்டியும் போகும், என் வேலையும் போகும். அம்மாகிட்டே நான் சும்மா தலையை ஆட்டிட்டேன்."

அவள் கேட்கவில்லை. உங்கள் ஓசையும் நன்றாகக் கேட்கிறது, இங்கேயும் மழைதான், வணக்கம் என்று அடித்தாள். அவர் முடிவுக் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கீழே இறங்கினாள். பிச்சம்மாள் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ரங்கூன் கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா. மழையாம்."

"மழையா?" பிச்சம்மாள் அரிசி களைவதை நிறுத்தினாள். "குடை வெச்சுண்டிருக்கானோ என்னமோ."

நாகலக்ஷ்மி கொல்லைக் கிணற்றடிக்குப் போய், ஏற்கெனவே நிறைந்திருந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் இறைத்தாள்.

ஜூலையில்தான் சுவாமிதாஸ் வந்தார். இலங்கையில் மலைமேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். நெய்யூர்ப் பக்கத்து மனிதர், தனியாள். அவரும் புதியவர், விதிப்புத்தகத்தை வேதம் போல வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி அடிப்பார். நாகலக்ஷ்மி தன் பெயரைச் சுருக்கி 'நாக்' என்று சொன்னாள். அவர் முறைப்படி 'கிழவா' என்று கூப்பிட்டார். அவள் திருத்தவில்லை. அவள் கை சளைக்காமல், சீராக ஓடுகிறதைக் கேட்டு, முப்பது வருஷ அனுபவஸ்தர் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலும்.

இரண்டாம் நாள் பேசும்போது கீழேயிருந்து "நாகூ, பால் பொங்கறது!" என்று குரல் வந்தது. அவள் அவசரமாக 'பொறு' என்று அடித்துவிட்டு இறங்கிவிட்டாள். அன்றைக்கு மறுபடி மாடி ஏறவில்லை.

பத்து நாள் கழித்துத் தபால்காரன் வாசலில் கூவினான்.

"அம்மே, கார்டு உண்டு! வெளிநாட்டு ஸ்டாம்பு!"

பிச்சம்மாள் பூஜை அறையில் இருந்தாள். அறுபது வயசு, முழங்கால் வலி. அவள் எழுந்து ஓடிவந்த வேகத்தில் மணி உருண்டு முற்றத்தில் விழுந்தது. கார்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஸ்டாம்பைத் தடவினாள்.

"தமிழ்ல எழுதியிருக்குடி! நாகூ! கண்ணாடி எங்கே? நீயே படி, நீயே படி."

வயர்லெஸ்காரர்களுக்குள் அது ஒரு வழக்கம். முதல் தரம் பேசிய பிறகு, பேசினது மெய்தான் என்று ஒரு கார்டு அனுப்பிக்கொள்வார்கள். நாகலக்ஷ்மி பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். "அம்மா, இது அவர் எழுதினதில்லை. வயர்லெஸ் கார்டு."

"யார் எழுதினாலும் சரி. சமுத்திரம் தாண்டி வந்திருக்கு. படி."

அவள் படித்தாள்.

'கனம் பொருந்திய நாக் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நாகமணியோ நாகராஜனோ, தமிழர் என்று எண்ணித் தமிழில் எழுதத் துணிந்தேன். கடந்த புதன்கிழமை ஆறு மணிக்குப் பொறு என்று சொன்னீர்கள். பொறுத்தேன். விதிப்படி பொறு என்றவர் திரும்பி வரும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்கலாகாது அல்லவா. ஒன்பது மணிவரை ஹெட்போனைக் கழற்றவில்லை. அடுப்பில் வைத்த சோறு கரிந்து, அன்றிரவு பட்டினி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். மறுநாள் தங்கள் ஓசை வந்தபோது கர்த்தருக்கு நன்றி சொன்னேன். தாங்கள் அனுபவஸ்தர், ஆயினும் ஒரு சிறியவனின் விண்ணப்பம். முடிந்தால் முடிந்தது என்று சொல்லிவிடுங்கள் ஐயா. அதில் அமங்கலம் ஒன்றுமில்லை. அப்படிச் சொன்னால்தான் கேட்டுக்கொண்டிருப்பவன் எழுந்து போய்ச் சாப்பிட முடியும். இப்படிக்கு, சுவாமிதாஸ்.'

கடைசி இரண்டு வரியில் நாகலக்ஷ்மியின் குரல் கீழே இறங்கிவிட்டது. முற்றத்தில் விழுந்த மணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மனிதனை மூன்று மணி நேரம் கட்டிப்போட்டிருக்கிறோம். அதுவும் எந்த வார்த்தையால்!

பிச்சம்மாள், "பாவம், பட்டினியாவா கிடந்தான்?" என்றாள். கார்டை வாங்கிப் பூஜை அறை மாடத்தில், ஸ்ரீகண்டனுடைய பழைய கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆனாலும் நல்ல பிள்ளை. பொறுன்னா பொறுக்கணும். நாம பொறுக்கலையா?"

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் பட்டாபி தலையில் அடித்துக்கொண்டான். "எல்லார்கிட்டேயுமா அப்படிப் போட்டேள்? ஆகாசம் பூரா ஆளைக் காக்க வெச்சுட்டு இங்கே வந்து புடலங்காய் நறுக்கியிருக்கேளே மன்னி!"

"கை வரலைடா."

"அது ஒரு குறி. அவ்வளவுதான்."

"உனக்கு அவ்வளவுதான்."

அதற்கப்புறம் 'பொறு' என்று அடிப்பதை அவள் நிறுத்தினாள். ஆனால் முடிவுக் குறியும் போடவில்லை. எதிராளி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் போன பிறகு சத்தமில்லாமல் ஸ்விட்சை அணைத்தாள். சுவாமிதாஸ் ஒரு தரம், 'கிழவா, உங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதா?' என்று கேலி செய்தார்.

ஆகஸ்ட் நடுவில் இன்னொரு கடிதம் வந்தது. இது உள்நாட்டு ஸ்டாம்பு, பிச்சம்மாள் ஓடிவரவில்லை. பாளையங்கோட்டையில் நாகலக்ஷ்மியோடு ஒரே பெஞ்சில் படித்த லீலாபாய் எழுதியிருந்தாள். நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் வாத்தியாரம்மா. கீழ் வகுப்புக்கு ஒரு இடம் காலியாகிறது. பள்ளியிறுதி தேறினவள் போதும். வடிவீஸ்வரத்தில் உங்கள் மனுஷர் வீட்டில் ஒரு அறைகூடப் பார்த்துவிட்டேன், கிணற்றுத் தண்ணீர் தித்திப்பு, செப்டம்பர் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்றிருந்தது.

நாகலக்ஷ்மி அதை நாலு தரம் படித்தாள். மாடியில் ஒரு தரம், கிணற்றடியில் ஒரு தரம், மற்ற இரண்டு தரமும் மனசுக்குள்ளே. பிறகு பிச்சம்மாளிடம் சொன்னாள்.

பிச்சம்மாள் கோபிக்கவில்லை. அழவும் இல்லை. "நீ போனா, தெருவுல கேக்கறவாளுக்கு என்னன்னு சொல்லுவேன்? அவன் ஆம்படையாளே போயிட்டாள், அப்பறம் அவன் எங்கே வரப்போறான்னு சொல்லமாட்டாளா?" அவள் பூஜை அறை மாடத்தைப் பார்த்தாள். "நீ இருக்கறதுனாலதான்டி அவன் இருக்கான்."

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நாகலக்ஷ்மி லீலாபாய்க்கு, 'கொஞ்சம் பொறு' என்று எழுதினாள். எழுதிக் கவரை ஒட்டின பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது.

பதில் வந்தது. 'அடியே நாகு, நான் பொறுப்பேன். பள்ளிக்கூடம் பொறுக்காது. திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். வருவதானால் வா. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு வரி எழுது. இரண்டும் இல்லாமல் என்னைத் தொங்கவிடாதே.'

செப்டம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டாபி மாடியில் ஒலிபரப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நாகலக்ஷ்மி காபி எடுத்துக்கொண்டு போனாள். அவன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

"லண்டன்ல சொல்லிட்டா மன்னி. யுத்தம்."

"நமக்கா?"

"எல்லாருக்கும்தான். இனிமே இதெல்லாம் வெச்சுக்க விடமாட்டா. நாளைக்கே ஆர்டர் வந்தாலும் வரும், வந்து பெட்டியை எடுத்துண்டு போயிடுவா." அவன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். சொந்தக் கையால் ஒவ்வொரு ஆணியும் அடித்தவன். "அஞ்சரை ஆறது. உங்க சுவாமிதாஸ் வருவார். நீங்களே பேசுங்கோ. இன்னியோட சரி."

அவள் உட்கார்ந்தாள். ஐந்தரைக்குச் சரியாக அந்த நிறுத்தி நிறுத்தி அடிக்கிற ஓசை வந்தது. அங்கேயும் செய்தி போயிருந்தது.

'கிழவா, என் பெட்டியும் நாளை போய்விடும் என்கிறார்கள். மறுபடி எப்போது கேட்போமோ தெரியாது. ஒரே ஒரு விண்ணப்பம். பழையபடி பொறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யுத்தம் முடியும்வரை என்னால் பட்டினி கிடக்க முடியாது. இனி நீங்கள் பேசுங்கள்.'

நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பித்தளைக் கட்டையின் மேல் விரலை வைத்தாள்.

'உங்கள் ஓசை இன்று மிக நன்றாகக் கேட்கிறது,' என்று அடித்தாள். முறைப்படி முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். 'இங்கே வானம் தெளிவு. ஒரு திருத்தம். நான் கிழவன் இல்லை. பெண். வயது இருபத்தேழு. உங்கள் சோற்றைக் கரிய வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.'

ஒன்றும் வரவில்லை. அரை நிமிஷம் வெறும் இரைச்சல். பட்டாபி ஒரு காதை ஹெட்போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "மனுஷன் நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டார்," என்று முணுமுணுத்தான்.

பிறகு, முன்னைவிட மெதுவாக: 'அம்மணி, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். இரண்டு மாதமாகக் கிழவா என்றேனே.'

'பாதகமில்லை. நீங்கள் பொறுத்ததை நான் மறக்கமாட்டேன். நலமாக இருங்கள்.'

இனி பாக்கி இருந்தது அந்தக் குறி ஒன்றுதான். அவள் விரல் கட்டைமேல் நின்றது. அவர் முதலில் முடிப்பார் என்று அன்றைக்கும் காத்திருக்கலாம். ஆனால் அவர் முடிக்கவில்லை. மலைமேல், தனி அறையில், ஹெட்போனோடு உட்கார்ந்து, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார். இவள் சொல்லாவிட்டால் அந்த மனிதர் எழுந்திருக்கமாட்டார். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

மூன்று குறில். ஒரு நெடில். ஒரு குறில். ஒரு நெடில்.

அப்பாவின் ஆபீஸில் கேட்டது போலச் சுத்தமாக விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் அதே குறி வந்தது. கடைசியாக இரண்டு குறில், கதவை மெல்லச் சாத்துகிற மாதிரி. அதற்கப்புறம் இரைச்சல்தான்.

"போட்டுட்டேளே!" என்றான் பட்டாபி.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். வால்வுகளின் செம்மை மங்கி அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்து சாப்பிடப் போயிருப்பார்," என்றாள்.

மாடிப்படி இறங்கினாள். அதே பதினாலு படி. ஆனால் ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கினாள். அடுக்களையில் பிச்சம்மாள் அரிசிப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து ஆழாக்கில் அளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா."

"ரங்கூன் கிடைச்சுதா?"

"இல்லை. இனிமே கிடைக்காது. யுத்தம் வந்துடுத்து. பெட்டியை எடுத்துண்டு போயிடுவா."

பிச்சம்மாளின் கை ஆழாக்கோடு பானைக்குள்ளேயே நின்றது.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு நான் நாகர்கோவில் போறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லுடி."

நாகலக்ஷ்மி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "லீவுக்கு வருவேன். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா அன்னிக்கே வருவேன். வாராவாரம் கார்டு போடுவேன். ஆனா இங்கே உக்காந்து காத்துண்டிருக்க இனிமே வரமாட்டேன். அதை வரேன்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேம்மா. நான் போறேன்."

வாசலில் யாரோ யுத்தம் யுத்தம் என்று கத்திக்கொண்டு போனார்கள். பத்மநாபசுவாமி கோவில் பக்கமிருந்து தீபாராதனை மணி கேட்டது. பிச்சம்மாள் எழுந்து விளக்கேற்றப் போகவில்லை. பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து சாபம் வந்தாலும் அழுகை வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக நாகலக்ஷ்மி தரையை இரண்டு உள்ளங்கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிலோன்காரப் பிள்ளை," என்றாள் பிச்சம்மாள் கடைசியில். "அவன்கிட்டே சொல்லிட்டியா, முடிஞ்சுதுன்னு?"

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. அவரும் முடிச்சுண்டார்."

பிச்சம்மாள் தலையை ஆட்டினாள். ஆழாக்கை வெளியே எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பாத்திரத்தில் போட்டாள். நாலாவதை அள்ளி, பாத்திரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையும் போட்டாள்.

"இன்னிக்குப் போட்டுட்டேன்," என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து ரெண்டு பேருக்குத்தானே வடிக்கணும்?"

ரெண்டு பேர். நாகலக்ஷ்மி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பட்டாபி ஒன்று, அம்மா ஒன்று.

"ஆமாம்மா," என்றாள். "ரெண்டு பேருக்கு."

பிச்சம்மாள் அரிசியைக் களைய எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. மாட்டுப்பெண்ணின் தோளில் கையை ஊன்றி நிமிர்ந்து, தோளை விடாமல் கேட்டாள்:

"பஸ் காலம்பற எத்தனை மணிக்கு?"